துருவ நட்சத்திரம் தெரியாத ஊர்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் இருக்கிறது பாலோ. ஒரு ரயில் நிலையம், சிறிய கடைத்தெரு, சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். மே மாதத்தில், நிலவில்லாத ஓர் இரவில், நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே நண்பர்களுடன் அங்கே போனேன்.

பாலோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 2 பாகையில் உள்ளது. அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 2 பாகை உயரத்தில்தான் நிற்கும். செம்பனை மட்டைகளே அதை மறைத்துவிடும். துருவத்தைக் குறிவைத்து நிறுத்தும் தொலைநோக்கித் தாங்கிகளுக்கு இது சிக்கல். கையால் திருப்பும் டாப்சோனியனுக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்கு ஈடும் உண்டு. இரவு 10 மணிக்குத் தெற்கே தென்சிலுவை. திரும்பினால் வடக்கே சப்தரிஷி மண்டலம். கல்யாணத்தில் பட்டப்பகலில் காட்டுவார்களே அருந்ததி, அதை இங்கேதான் நிஜமாகப் பார்த்தேன். வசிஷ்டரை ஒட்டி மங்கலாக ஒரு புள்ளி. பைனாகுலரில் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன. சிறு தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகிவிடுகிறார்!

அந்த ஒளி நம்மை வந்தடைய சுமார் 80 ஆண்டுகள் ஆகின்றன. அது புறப்பட்ட காலத்தை ஒட்டித்தான், சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை.

போகிறவர்கள் டார்ச் விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது கொடுங்கள். வீட்டில் 80 வயதையொட்டிய தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பிறந்த காலத்தில் கிளம்பிய வெளிச்சம் அது.