தீவனத்தைச் சந்தேகப்படுங்கள்!

உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

பி.காம். படித்த காலத்தில், சேலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் 40 மாணவர்களாக மாறியிருக்கிறேன்!

ஒன்றுவிட்ட அக்கா அப்போது எம்.எட். மாணவி. ஆய்வுக்காகக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும். போன இடத்திலெல்லாம், 'போர்ஷன் முடியலைம்மா, அப்புறம் வா' என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு ஆசிரியர் வகுப்பைக் கொடுத்தார். கொடுத்தவர் அங்கேயே நின்றுகொண்டார். 'ஆசிரியர் நடத்துவது புரிகிறதா?' என்ற கேள்விக்கு 60 பேரும் 'ஆம்'.

'மிச்சத்த நீயே போட்டுருடா தம்பி' என்றார் அக்கா. பேனாவை மாற்றி மாற்றி டிக் அடித்தேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும்... டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டுத் தவறைத் தேட வேண்டும். நான் தேடவே இல்லை. அந்தக் கணக்கு இன்றும் என் பேரில் நிற்கிறது.

சமீபத்தில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரரைச் சந்தித்தேன். எத்தனை முட்டை, எவ்வளவு தீவனம் என்று தினமும் நோட்டில் எழுதுகிறார்.

'முட்டை கொறஞ்சா என்னங்க பண்ணுவீங்க?'

'தீவனத்தப் பார்ப்பனுங்க, தண்ணியப் பார்ப்பனுங்க. அப்பவும் புரியலீன்னா வெட்னரி காலேஜுக்கு ஓடுவனுங்க. கோழியத் திட்டி என்னங்க ஆகுது?'

அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் நாமக்கல்லுக்கு வந்தது. பண்ணைக்காரர் நோட்டோடு போகிறார். ஆராய்ச்சிக்காரர் விடை தேடுகிறார். இருவருக்கும் லாபம்.

வகுப்பில் பாதிப் பேர் ஃபெயிலானால் நாம் யாரைத் திட்டுகிறோம்?

1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. ப்ளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை, ஆங்கிலப் பாடத்தில் எந்த இடத்தில் வழி தவறுகிறது? அது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். பயமில்லாமல் கேட்டால்தான் சொல்லும்.

கல்லூரி ஆசிரியர்களே, ஆய்வு மாணவர் வாசலில் நின்றால் அரை மணி நேரம் கொடுங்கள். 'பேர் எழுத வேண்டாம். இஷ்டமில்லாதவங்க விட்டுடலாம். இன்டர்னல் மார்க்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்லிவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடியுங்கள். ஆய்வின் முடிவை அந்த வகுப்புக்கே வந்து சொல்லச் சொல்லுங்கள்.

முடிந்தால் நீங்களும் இறங்கலாம். ஒரே பாடத்தை ஒரு செக்‌ஷனுக்கு வழக்கம்போலவும், இன்னொன்றுக்குத் தமிழில் விளக்கியும் நடத்தி, ஒரே டெஸ்ட் வையுங்கள். இரண்டு செக்‌ஷனும் முன்பு வாங்கிய மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது பலித்ததோ, அதை எல்லோருக்கும் கொடுங்கள்.

அக்கா இப்போது கல்லூரி ஆசிரியை. போனில் கேட்டேன்.

'யாராவது ஃபாரம் எடுத்துட்டு வந்தா என்னக்கா பண்ணுவே?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

'வெளிய போயிருவேன்டா. நான் அங்க நின்னா, 60 பேரும் நீதான்!'