ஐம்பத்தைந்தாம் நகர்வு

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரின் செந்தோசா தீவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் பதினான்காம் ஆட்டம் நடந்தது. சென்னையைச் சேர்ந்த குகேஷும் நடப்பு வெற்றியாளரான சீனாவின் டிங் லிரனும் ஆளுக்கு 6.5 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் முதலில் குதிரையை நகர்த்தினார். அடுத்து, சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் தள்ளி, மூலைவிட்டமாகச் செல்லும் அமைச்சருக்கு வழிவிட்டார். நடுக்கட்டங்களைத் தொலைவிலிருந்தே குறிவைக்கும் அமைதியான தொடக்கம் அது. இத்தகைய தொடக்கங்களை ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். ஆனால், அந்தத் தயாரிப்பு ஓரளவுதான் வரும். அதன்பின் சொந்தக் கணிப்பை நம்பித்தான் ஆடவேண்டும்.

காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. இறுதியில் இருவரிடமும் அரசரைத் தவிர ஒரு கோட்டை, ஓர் அமைச்சர், சில சிப்பாய்களே எஞ்சின. குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். பொறுமையாகத் தற்காத்திருந்தால் டிங் ஆட்டத்தைச் சமன் செய்திருக்கலாம். ஆனால், 55ஆவது நகர்வில் அவர் கோட்டைக்குக் கோட்டை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அவருடைய அமைச்சரோ பலகையின் மூலையில் அகப்பட்டிருந்தது. கோட்டைகள் நீங்கினால் அமைச்சர்களின் மாற்றத்தையும் தவிர்க்க இயலாது. வெறும் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சும் களத்தில், கூடுதலான அந்த ஒரு சிப்பாயே போதும்.

குகேஷுக்கும் இது உடனே புலப்படவில்லை. வேறொரு நகர்வைச் செய்யவிருந்ததாக அவரே பின்னர் கூறினார்.

58ஆவது நகர்வில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் உலக வெற்றியாளரான குகேஷ், கண்ணீருடன் காய்களை மீண்டும் அவற்றின் தொடக்க இடங்களில் அடுக்கினார்.