மதுவம் சீனியைச் செலவழிக்கும் விதம்



உங்களில் பலர் “எனக்கு விஞ்ஞானம் ஓடாது, கலைப்பிரிவுக்குத்தான் போவேன்” என்று பதினைந்து வயதிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். நானும் கலைப்பட்டதாரிதான், வரலாறு படிப்பிக்கிறேன். ஆனாலும் நீங்கள் மனனம் செய்து வைத்திருக்கும் நொதித்தல் சமன்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதால், அதைச் சொல்லும் உரிமை எனக்கும் உண்டு.

ஜேர்மனியரான எடுவாட் பூக்னர் மதுவத்தை மணலுடன் சேர்த்து அரைத்து, கலங்களை உடைத்து, சாற்றைப் பிழிந்தெடுத்தார். சாறு பழுதாகாமல் இருக்கட்டும் என்று சீனி சேர்த்தார். நாம் பழத்தைச் சீனிப்பாகில் போட்டு வைப்பதும் இதே எண்ணத்தில்தானே! ஆனால் சாற்றிலிருந்து குமிழிகள் கிளம்பின. உயிருள்ள கலம் இல்லாமலே சீனி எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறிக்கொண்டிருந்தது. உயிருள்ள கலமின்றி நொதித்தல் இல்லை என்று கூறியவர் லூயி பாஸ்டர். அவரை மறுப்பது இலேசான காரியமா? உயிருக்கென்று தனியான ஒரு சக்தி வேண்டுமா, வேண்டாமா என்பதே அங்கு வழக்கு. பூக்னர் தமது முடிவை 1897 இல் வெளியிட்டார். 1907 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. சாற்றில் இருந்ததற்கு அவர் இட்ட பெயர் சைமேசு. அது ஒன்றல்ல, பல நொதியங்களின் கூட்டம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

நொதியம் தாக்கத்தை விரைவுபடுத்தும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டுப்படுத்துவது எது? காற்றுப் படும்போது மதுவம் குறைந்தளவு சீனியையே செலவழிப்பதைப் பாஸ்டரே கண்டிருந்தார். ஒட்சிசன் இல்லாதபோது ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து தேறுவது 2 ஏ.ரீ.பி. மூலக்கூறுகள் மாத்திரமே. ஒட்சிசன் இருந்தால் அதைவிடப் பன்மடங்கு. ஏ.ரீ.பி. பெருகியதும் அதுவே பொசுபோபுரற்றோகைனேசு என்னும் நொதியத்துடன் இணைந்து அதன் வேகத்தைக் குறைக்கிறது. உற்பத்தியான பொருளே திரும்பி வந்து “போதும்” என்று சொல்வது போல! ஏ.ரீ.பி. செலவாகிக் குறைந்ததும் வேலை மறுபடி சூடுபிடிக்கும். (சீனி மிகையாக இருந்தால் காற்று இருக்கும்போதும் மதுவம் எதனோல் ஆக்கும். இது உங்கள் வினாத்தாளுக்கு வேண்டியதில்லை.)

இன்னொரு சிக்கனமும் உண்டு. பாண்மாவிலுள்ள மாப்பொருளை மதுவத்தால் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. மாவிலுள்ள அமிலேசு அதை மோற்றோசாக்கும். மோற்றோசை உடைக்க மோற்றேசு தேவை. ஆனால் குளுக்கோசு தாராளமாக இருக்கும்வரை மதுவம் பொதுவாக மோற்றேசை ஆக்குவதில்லை. வீட்டில் அரிசி இருக்க யார் கடைக்குப் போவார்கள்?

இனி வினாவுக்கு வருவோம். கொதிக்கவைத்து ஆறவிட்ட மதுவத்தைச் சீனிக்கரைசலில் இட்டால் சுண்ணாம்பு நீர் பால்நிறமாவதில்லை. ஏன்? “மதுவம் இறந்துவிட்டது” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பூக்னரின் சாற்றிலும் உயிர்க்கலம் இருக்கவில்லை, ஆனாலும் குமிழி வந்ததல்லவா? “உயர் வெப்பநிலையில் மதுவத்தின் நொதியங்கள் இயல்பிழந்தன, ஆகவே நொதித்தல் நிகழவில்லை” என்று எழுதுங்கள்.