ரூபாய்க்கு எத்தனை அணா குறைந்தது?

"சிஸ்டர், கஞ்சா எண்ணெய் கொடுத்தா அம்மாவுக்கு வலி குறையுமாமே?"

திருத்தணி சுற்றுவட்டாரத்தில், முற்றிய புற்றுநோயோடு வீட்டில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் சென்னையில் வேலை பார்க்கும் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். வாசல்வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். பொன்பாடி சோதனைச் சாவடியில் ஆந்திராவிலிருந்து வரும் வண்டிகளை நிறுத்திக் கஞ்சாவுக்காகப் பைகளைத் துழாவுவதைப் பார்த்த ஊர் இது. குரல் தாழத்தான் செய்யும்.

பெற்ற தாய் வலியில் துடிக்கும்போது கேட்கிற கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் "குறையுமா" என்பதற்குப் பதில் சொல்ல, குறைந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். என் தொழிலில் பாதி அதுதான்.

கனடாவின் எட்மன்டன் நகரில் 1991-இல் உருவான ஒரு படிவம் இருக்கிறது. வலி, அசதி, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சிரைப்பு, மனச்சோர்வு, பதற்றம், மொத்தத்தில் உடம்பு எப்படி இருக்கிறது என ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓட்டிய பெரியவரிடம் "பத்துக்கு எவ்வளவு?" என்றால் விழிப்பார். "ரூபாய்க்கு எத்தனை அணா குறைஞ்சிருக்கு தாத்தா?" என்றால் உடனே "எட்டணா" என்பார். அவருக்கு அது துல்லியமான அளவு. தெலுங்கு பேசும் வீடுகளில் தெலுங்கிலேயே கேட்க வேண்டும். குத்துகிறதா, எரிகிறதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். எரிச்சல் என்றால் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

கேட்கும் நேரமும் இடமும் அதைவிட முக்கியம். வாய்ப் புற்று வந்த ஒரு பாட்டி, மகன் பக்கத்தில் நிற்கும்வரை "பரவால்லம்மா, இப்ப தேவலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகன் தண்ணீர் பிடிக்கப் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி பூரா பாயைப் பிறாண்டிட்டுக் கெடந்தேன்" என்றார். பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் கோரை பிய்ந்து நார் நாராக நின்றது. அன்று நோட்டில் நான் எழுதிய எண் 9. அதனால்தான் ஒரே ஆள், ஒரே நேரத்தில், தனியாகக் கேட்க வேண்டும் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறேன்.

அந்த எட்மன்டன் படிவத்தை வைத்துத்தான் ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனைச் சேர்ந்த டாக்டர் ஜேனட் ஹார்டி தலைமையில் முற்றிய புற்றுநோயாளிகள் 144 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2023-இல் வெளியானது. கஞ்சாச் செடியில் இருக்கிற, போதை தராத கன்னாபிடயால் எண்ணெய் ஒரு பிரிவினருக்கு, நாளுக்கு 600 மில்லிகிராம்வரை. மற்றவர்களுக்கு மருந்து எதுவும் கலக்காத எண்ணெய். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. பதினான்காம் நாள் கணக்குப் பார்த்தபோது இரண்டு பிரிவிலுமே தொல்லை குறைந்திருந்தது. மருந்து குடித்தவர்களுக்குக் கூடுதலாக எதுவும் குறையவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. ஒருவர் வந்து உட்கார்ந்து, முகம் பார்த்து, நேற்று எப்படி இருந்தது என்று கேட்டாலே எங்கள் நோட்டில் எண் இறங்கும். ஆகவே எண்ணெய் கொடுத்ததும் அம்மா நன்றாகத் தூங்கினார் என்று ஒரு மகன் சொன்னால் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தூங்க வைத்தது எண்ணெய்தானா என்பதை அந்த ஒரு வீட்டை வைத்துச் சொல்ல முடியாது.

அதே செடியில் இருக்கிற, போதை தரும் டி.எச்.சி.யும் கன்னாபிடயாலும் சேர்ந்த மருந்தை, மார்ஃபின் போன்றவற்றுக்கும் அடங்காத வலிக்குக் கூடுதலாகக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் நிரூபணம் ஆகவில்லை. குமட்டலில்தான் நல்ல சேதி. கீமோதெரபியில் வழக்கமான மருந்துக்கும் நிற்காத வாந்திக்கு, இரண்டும் சேர்ந்த மாத்திரையால் முழு நிவாரணம் 100-க்கு 8 பேரிலிருந்து 24 பேராக உயர்ந்ததாக 2024-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தே முடிவு வந்தது. கூடவே மயக்கமும் தலைசுற்றலும் உண்டு. ராத்திரி எழுந்து தட்டுத்தடுமாறிக் கொல்லைக்குப் போகும் வயதானவருக்குத் தலைசுற்றல் சின்ன விஷயம் கிடையாது.

இந்தச் செடியை நவீன மருத்துவ முறையில் முதலில் சோதித்தவர்களில் ஒருவரான ஓஷாக்னெஸி, அதை நம் நாட்டில்தான் செய்தார். 1839 வாக்கில் கல்கத்தாவில், மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அந்த நிதானம் இன்று இணையத்தில் புட்டி விற்பவர்களிடம் இல்லை.

எனக்கு மனம் பொறுக்காதது இன்னொன்று. கஞ்சா எண்ணெய்க்கு அலைகிற வீட்டிலேயே, டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் அட்டை பிரிக்கப்படாமல் சாமி அலமாரியில் கிடக்கும். "அது கடைசி மருந்தாமே, கொடுத்தா போயிடுவாங்களாமே" என்பார்கள். கஞ்சாவைக் கட்டுப்படுத்துகிற அதே 1985-ஆம் ஆண்டுச் சட்டம்தான் மார்ஃபினையும் பூட்டிவைத்தது. இவ்வளவு பெரிய நாட்டில் 1997-இல் பயன்பட்டது வெறும் 18 கிலோ. மார்ஃபின் எடுக்கிற அபினி விளைவதோ நம் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களிலேயே. டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடிய பிறகு 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டத்தின் பூட்டு தளர்ந்துவிட்டது, வீட்டில் பயம் போகவில்லை. சரியான அளவில், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மலமிளக்கியோடு சேர்த்துக் கொடுத்தால் மார்ஃபின் உயிரைப் பறிக்காது. பாயைப் பிறாண்டிய அந்தப் பாட்டிக்கு அடுத்த வாரம் நான் எழுதிய எண் 3.

நம் மருத்துவக் கல்லூரிகள் கஞ்சா எண்ணெய்ச் சோதனையை இங்கே நடத்த முன்வந்தால் முதல் ஆளாக வேலை செய்வேன். தமிழிலும் தெலுங்கிலும் கேள்வி எழுதி, வீடு வீடாகப் போய், கூலி வேலை செய்பவர்களையும் சேர்த்து நடத்த வேண்டும். அதுவரை வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணெயோ லேகியமோ கொடுக்கிறீர்கள் என்றால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். மற்ற மாத்திரைகளோடு அது மோதக்கூடும், அதற்காக நாங்கள் போலீஸைக் கூப்பிட மாட்டோம். அலமாரியில் இருக்கிற மார்ஃபினை இன்றைக்கே எடுத்து, டாக்டர் எழுதியபடி கொடுக்கத் தொடங்குங்கள்.