மரப்பெட்டியா, தெர்மாகோலா?

(பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

தேனீயைப் பற்றி எழுதப் புகும் மாணவர்கள் அதன் சுறுசுறுப்பைப் புகழ்ந்துவிட்டு முடித்துக்கொள்வது வழக்கம். சுறுசுறுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தேனீ குடியிருக்கும் பெட்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சென்ற செப்டம்பர் மாதம் முழுவதும் என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பெட்டிதான்.

என் தந்தையார் விளவங்கோடு வட்டத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. தை, மாசியில் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மரத்துக்கு ஓய்வு என்றால் எங்கள் அடுப்புக்கும் பாதி ஓய்வுதான். கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கட்டச் சொல்லும் அறிவிப்பும் அந்த நாட்களில்தான் பலகையில் ஒட்டப்படுகிறது என்பதை, என்னைப் போல வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நண்பர்கள் அறிவார்கள்.

ஆனால் ரப்பர் மரம் தேனைத் தருவதும் அந்த மாதங்களில்தான். பூவிலிருந்து அன்று. இளந்தளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இனிப்பு நீர் துளிர்த்து நிற்கும். துணைப்பாடமான தாவரவியல் வகுப்பில் ‘பூ சாராத் தேன்சுரப்பி’ என்று விரிவுரையாளர் கரும்பலகையில் படம் வரைந்தபோது, அது அப்பா தினமும் வெட்டும் மரத்தின் படம் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. கூலி நிற்கும் மாதத்தில் தேன் வருமானால் வேறென்ன வேண்டும்? அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் எட்டாயிரம் ரூபாய் கடன் எடுத்தார். பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, படிக்கிற பிள்ளை என்று என் தலையில் விழுந்தது.

அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1991, 92-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் அடுக்குத் தேனீக்களைத் தாக்கியது. பத்தில் ஒன்பது குடும்பங்களுக்கு மேல் அழிந்தன. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கிய காலம் முதல் வளர்ந்து வந்த தொழில் அது. தாத்தா வைத்திருந்த பெட்டிகளும் காலியாயின. பிறகு பாட்டி அவற்றில் புளி போட்டு வைத்திருந்தாராம். “ஒரு மழைக்காலத்தில போன சாதனத்துக்கு மறுபடியும் கடனா மக்களே?” என்று மட்டும் அப்பா கேட்டார். அதற்கு மேல் தடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வழங்குவது நியூட்டன் பெட்டி. 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் பலருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த அருட்தந்தை நியூட்டன், நம் சிறிய தேனீக்கென்று வடிவமைத்தது. அடிப்பலகை, புழு அறை, அதன்மேல் தேன் அறை, கூரை, அவ்வளவுதான். ஆசாரியிடம் விலை கேட்டேன். அயினி மரத்தில் செய்தால் ஒன்றுக்கு 1,500 ரூபாய். ரப்பர் மரப் பலகை என்றால் 900 போதும் என்றார். எட்டாயிரத்தில் தேனீக் குடும்பங்களுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும். ஆறு ரப்பர் பெட்டிக்கு 5,400. நான்கு அயினிப் பெட்டிக்கு 6,000. இந்தக் கணக்கை என் பரிசோதனைக்கூடக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எத்தனை முறை போட்டேன் என்று கேட்காதீர்கள்.

இதற்கிடையில்தான் தெர்மாகோல் வந்து சேர்ந்தது. பின்லாந்து, டென்மார்க் போன்ற குளிர்நாடுகளில் பாலிஸ்டைரீன் பெட்டிகளில் தேனீ வளர்க்கிறார்கள் என்று படித்தேன். பொருள் ஒன்றே, நாம் தெர்மாகோல் என்று சொல்வதை அவர்கள் இறுக்கி, கெட்டியாக வார்க்கிறார்கள். நம் தேனீக்கு ஏற்ற அளவில் அப்படி வார்த்த பெட்டி எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மீன் பெட்டி கிடைக்குமே! குளச்சலிலிருந்து ஐஸ் போட்டு மீன் வரும் வெள்ளைப் பெட்டி, மீன் விற்கும் அக்காவிடம் கேட்டால் கழித்துப் போட்டது ஒன்றைச் சும்மாவே கொடுப்பார். கொடுத்தார். மூன்று நாள் வெயிலில் வைத்தும் மீன் வாடை போகவில்லை என்பது வேறு விஷயம்.

தெர்மாகோலின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அதன் பருமனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. ஒரே தடிமனில் மரத்தைவிட மூன்று நான்கு மடங்கு நன்றாக வெப்பத்தைத் தடுக்கும். புழுக்கள் இருக்கும் அடையைத் தேனீக்கள் 33 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்கின்றன. குளிர்ந்தால் கூடி நின்று சதையை அதிர்த்துச் சூடேற்றும். சூடானால் தண்ணீர் கொணர்ந்து தெளித்து இறக்கையால் விசிறும். இரண்டுக்கும் செலவாவது தேன். பனி மாதக்கணக்கில் உறைந்து கிடக்கும் நாட்டில் கதகதப்பான சுவர் தேனை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. விளவங்கோட்டில் ரப்பர் நிழலில் எந்தக் குளிரைத் தடுக்கப் போகிறோம்? மீன் பெட்டியையும் தாத்தாவின் பழைய பெட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உள்ளே வெப்பமானி தொங்கவிட்டுப் பார்த்தேன். மரப்பெட்டி சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறியது. தெர்மாகோல் மெதுவாக ஏறி, இருட்டிய பிறகும் சூட்டை விடாமல் வைத்திருந்தது. மர நிழலில் இரண்டுக்கும் இருந்த வேறுபாடு கடன் வாங்கும் அளவுக்குப் பெரிதல்ல.

ஆனால் வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. மீன் பெட்டியின் சுவர்கள் மேலே அகன்று கீழே குறுகிச் சரிந்திருக்கும். 1851-இல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் கண்டுகொண்ட உண்மை ஒன்று உண்டு. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தேனீ நடமாடும் அளவு மட்டுமே இடைவெளி விட்டால், அது அந்த இடத்தை அடைக்காது. அவர்கள் நாட்டுத் தேனீக்கு அது ஏறத்தாழ 3/8 அங்குலம். நம்முடையதற்குச் சற்றுக் குறைவு. இடைவெளி கூடினால் அங்கே அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். சரிந்த சுவரில் மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி. மரப்பட்டை ஒட்டிச் சரிசெய்யலாமென்றால் பசை பார்த்துத்தான் வாங்க வேண்டும். வேதியியல் கூடத்தில் ஒரு துண்டின் மேல் இரண்டு சொட்டு அசிட்டோன் விட்டேன். சர்க்கரைப் பாகுபோல் கரைந்து உட்கார்ந்துவிட்டது. தின்னர் கலந்த பெயிண்டும் அப்படித்தான். பெயிண்டே அடிக்காவிட்டால் வெயிலில் மஞ்சளித்துப் பொடியும்.

பெட்டியைப் பலாமரத்தடியில் இரண்டு வாரம் வெறுமனே விட்டுப் பார்த்தேன். எறும்பு உள்ளே வழி தோண்டிவிட்டது. முற்றமெல்லாம் வெள்ளை உருண்டைகள். “இதென்ன, பொரி கொட்டினதுபோல” என்று அம்மா பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனார். பெருக்கியதும் மழையில் ஓடை வழியே குழித்துறை ஆற்றுக்குத்தான் போகும். மெழுகுப்பூச்சியின் புழுவும் இதைத் துளைக்க வல்லது. அந்தப் புழு பிடித்த மரப்பெட்டியை ஓலைச் சூட்டு கொளுத்தி உட்புறம் கருக வாட்டினால் முட்டைகள் தொலையும். தெர்மாகோலில் தீயைக் காட்ட முடியுமா?

இவ்வளவில் தெர்மாகோல் கழிந்தது. ஆனால் மலிவு மரத்தின் மேலிருந்த ஆசை போகவில்லை. ஆறு பெட்டி அல்லவா! ரப்பர் பலகை மருந்து ஏற்றாவிட்டால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். ஏற்றும் மருந்தோ வெண்காரமும் போரிக் அமிலமும். போரிக் அமிலம் பூச்சிகளின் வயிற்றில் போனால் நஞ்சு. தேனீயும் பூச்சிதானே? தச்சுப் பட்டறையில் அடுக்கியிருந்த மலிவுப் பெட்டிகளின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தேன். பல மூலைகளில் நகம் நுழைந்தது. மேற்கத்தியத் தேனீயானால் மரப்பிசினைக் கொண்டுவந்து அந்தச் சந்தை அடைத்துவிடும். நம் அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை. சந்து சந்தாகவே இருக்கும். மெழுகுப்பூச்சிக்கு அதுவே வாசல். தொல்லை பொறுக்காவிட்டால் நம் தேனீ போராடிக்கொண்டு இராது, குடும்பத்தோடு ஓடிப்போய்விடும். கடன் மட்டும் ஓடாது.

அம்மா கேட்ட கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. “நீ காலேஜிக்குப் போயிட்டா பெட்டியத் தூக்கிப் பாக்கது யாரு? நாந்தானே. எனக்குத் தூக்க ஒக்குமா?” தெர்மாகோலுக்கு இருந்த கடைசி நல்ல வாதம் இதுதான், அது பஞ்சுபோல் கனமற்றது. ஆசாரியின் பட்டறைக்கு அம்மாவையே அழைத்துப் போனேன். நியூட்டன் பெட்டி சிறியதாகையால் அயினியில் செய்த தேன் அறையை அவர் இரண்டு கையால் எளிதாகத் தூக்கினார், நான்கு மூலைகளிலும் நகத்தை வைத்துப் பார்த்தார், ஒன்றில் நுழைந்தது. ஆசாரி பேசாமல் வாங்கி மறுபடியும் இழைத்துக் கொடுத்தார்.

நான்கு அயினிப் பெட்டிகள் வாங்கினோம். மீதி இரண்டாயிரத்தில் இரண்டு குடும்பங்கள். எறும்புக்குப் பயந்து தாங்கிக் கால்களின் கீழ் தண்ணீர் வைக்கக் கிண்ணம் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா தாமாகவே பால் பிடிக்கும் பழைய சிரட்டைகளைக் கழுவி எடுத்து வந்தார். கார்த்திகைக் கடைசியில் ஒரு குடும்பம் பெருகிப் பிரித்தோம். இப்போது மூன்று பெட்டிகளில் குடும்பம் இருக்கிறது, நான்காவது காலி.

இதை எழுதும் இன்று தை பன்னிரண்டு. தோட்டத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. வெட்டு நின்று ஐந்து நாட்களாகின்றன. அப்பா காலையில் பழக்கத்தில் எழுந்துவிடுகிறார். கத்தியில்லாமல் தோட்டத்துக்குப் போய், தளிர் விட்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறார்.