ஆயாவின் செவ்வந்தியும் என் வாசல் விளக்கும்

எங்கள் தோட்டத்தில் பூச்செடி இல்லாத வீடு கிடையாது. ஆனால் மண்ணில் நட்ட செடியைவிட டின்னில் நட்ட செடிதான் அதிகம். பிஸ்கட் டின், எண்ணெய் டின், ஓட்டை வாளி எதுவும் வீணாவதில்லை. ஆசிரியையாக இங்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதற்குக் காரணம் கேட்டேன்.

"வீடு நம்ம வீடா டீச்சரம்மா? வேலை இருக்கிற வரைக்கும்தான். கெளம்புன்னு சொன்னா செடியையும் தூக்கிட்டுக் கெளம்பணுமில்ல?" என்றார்.

ஆயா பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். மகன் இப்போது செம்பனையில் குலை வெட்டுகிறார். ஆயாவிடம் இருந்தது மஞ்சள் செவ்வந்தி. 1998-ஆம் ஆண்டு தோட்டத்து மக்கள் பஸ் பிடித்துக் கேமரன் மலைக்குப் போனபோது, பிரிஞ்சாங் சந்தையில் தாத்தா வாங்கிக் கொடுத்த செடியின் வழிவந்தது. தாத்தா போய்விட்டார், செடி போகவில்லை. பூத்து முடிந்ததும் தண்டை ஒட்ட நறுக்கிவிட்டால் அடியிலிருந்து பக்கக் கன்றுகள் வரும். அவற்றைப் பிரித்து நட்டு நட்டே ஆயா அந்த வம்சத்தைக் காப்பாற்றி வந்தார். தாத்தாவின் திதியன்று படத்துக்குச் சாத்துவது அந்தப் பூவைத்தான்.

சென்ற ஆண்டு என் வீட்டு வாசலில் ஒரு குழல்விளக்கு மாட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் சிலர் இரவில் அங்கே வந்து படிப்பார்கள். ஆயாவின் பேரனும் அவர்களில் ஒருவன். அவர்கள் போன பிறகும் நான் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விளக்கை அணைக்கப் பதினொரு மணியாகிவிடும்.

அதற்குப் பிறகு ஆயாவின் செவ்வந்தி பூக்கவில்லை. இரண்டு வாசலுக்கும் நடுவில் வரிசையாக இருந்த எட்டு டின்னிலும் செடி இடுப்பளவு வளர்ந்தது. இலையோ இலை! மொட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை.

நான் சும்மா இருந்தேனா? படித்தவள் அல்லவா! "உரம் போதாது, கோழி எரு போடுங்கள்" என்றேன். போட்டார். "தண்ணீர் அதிகம்" என்றேன். குறைத்தார். "செடி கிழடாகிவிட்டது, பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்" என்றும் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஆயா பதில் பேசவில்லை. அன்று மாலை அவர் வழக்கம்போல் வாசலில் வந்து உட்காரவும் இல்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. குளியலறைக்குப் பின்னால் தூக்கிப் போட்ட உடைந்த வாளியில் ஒரு கன்று தானாகவே பூத்திருந்தது. எங்கள் இருவருக்கும் காரணம் விளங்கவில்லை.

விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்றோம். இரவில் பஸ்ஸிலிருந்து பார்த்தால், மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைகள் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தன. மறுநாள் பூந்தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டேன்.

"செவ்வந்திக்கு ராத்திரி நீளமா இருந்தாத்தான் மொட்டு வைக்கும் டீச்சர். செடி சின்னதா இருக்கும்போதே பூத்துட்டா விலை போகாது. அதனால விளக்குப் போட்டு ஏமாத்துறோம். உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திடுவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. குளிர்நாடுகளில் கோடை முடிந்து பகல் குறையும்போதுதான் செவ்வந்தி மொட்டு வைக்கும்; மற்ற பூக்கள் ஓய்ந்த பிறகு கடைசியாகப் பூக்கும். பகல், இரவின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை 1920-ஆம் ஆண்டிலேயே கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஆகவே செவ்வந்தி இங்கே எந்த மாதத்திலும் பூக்கும். என் விளக்கு மட்டும் ஆயாவின் செடிக்குப் பகலைப் பதினாறு மணி நேரமாக்கி வைத்திருந்தது!

வீடு திரும்பியதும் ஆயாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "என் விளக்கால் வந்த வினை ஆயா. இன்றே கழற்றிவிடுகிறேன்" என்றேன்.

"அட, அதை ஏன் கழட்டுறீங்க? செடிக்குக் காலில்லை, நமக்கு இருக்கே. டின்னைத் தூக்கிப் பின்னால வைப்போம். புள்ளைங்க படிக்கட்டும்" என்றார்.

திதிக்குப் பத்து வாரம் இருந்தது. இருவரும் எட்டு டின்னையும் குளியலறைப் பக்கம் தூக்கி வைத்தோம். நான்காம் வாரம் பட்டாணி அளவில் மொட்டு தெரிந்தது. திதியன்று காலையில் விரிந்தவை ஏழே பூக்கள். மாலைக்குப் போதாது. மாலையைப் பட்டணத்தில் வாங்கி, இந்த ஏழையும் அதன் நடுவில் செருகினார் ஆயா. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வந்தி வளர்க்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். பூக்காத இளந்தண்டை நான்கு விரல் நீளம் நறுக்கி, ஈர மணலில் நிழலில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். நட்டபின் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பெருகும். டின்னின் அடியில் மறக்காமல் துளை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். பகலில் நல்ல வெயிலும், இரவில் நல்ல இருட்டும் வேண்டும்.

ஆயா எனக்கும் இரண்டு கன்று கொடுத்திருக்கிறார். மைலோ டின்னில் நட்டு, வீட்டுக்குப் பின்னால் இருட்டில் வைத்திருக்கிறேன். ஆயாவுக்கு யோசனை சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன், இப்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.