பிடித்த மீனை விடுதல்

காவிரிக் கரையிலும் பவானிக் கரையிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் பெங்களூரில் வந்து குடியேறிய குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. நமக்கு மீன் என்றால் அது சந்தையில் விலை பேசி வாங்கிச் சட்டியில் புளி கரைத்து ஊற்றும் பொருள். அதைப் பிடிப்பதையே ஒரு விளையாட்டாகக் கொண்டு, பந்தயம் வைத்து, பரிசும் பெற்று, பிறகு பிடித்த மீனை உயிரோடு நீரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் மனிதர்களும் உலகில் உளர். இந்நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நம் காவிரியிலேயே, அத்தகையோர் பல ஆண்டுகள் தூண்டில் போட்டிருக்கின்றனர். அவர்களால் ஆற்றுக்கு விளைந்த நன்மையையும், அந்த நன்மையால் காக்க முடியாமற்போன ஒன்றையும் பற்றி அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முற்காலத்துப் பந்தயங்களில் மீனைக் கொன்று தராசில் தொங்கவிடுவதே வழக்கம். எவருடைய மீன் அதிக எடையோ அவருக்குப் பரிசு. பந்தயம் முடிந்தபின் கரையில் குவிந்து கிடப்பவற்றை என்ன செய்வதென்று ஒருவரும் கவலைப்படுவதில்லை. அமெரிக்காவில் ரே ஸ்காட் என்பவர், தாம் நடத்திவந்த போட்டிகளில் 1972-ஆம் ஆண்டு முதல் மீன்களைக் கொல்லாமல் கொண்டுவந்து எடை பார்த்தபின் விட்டுவிடும்படி ஏற்பாடு செய்தார். படகிலேயே காற்றூட்டிய நீர்த்தொட்டி வைக்கப்பட்டது. செத்த மீனுக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டது. இப்போது பல போட்டிகளில் தராசே இல்லை. பிடித்த இடத்திலேயே மீனை அளவுப் பலகையில் கிடத்தி, நீளம் தெரியப் புகைப்படம் எடுத்து, உடனே விட்டுவிடுகின்றனர். மேடை வரையில் தொட்டியில் பயணம் செய்து, கூட்டத்தின் கைதட்டலையும் கேட்டுவிட்டு நீருக்குத் திரும்பும் மீனைவிட, பிடித்த இடத்திலேயே விடப்படும் மீன் பிழைப்பதற்கு வாய்ப்பு மிகுதி என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

நம் ஆற்றுக்கு வருவோம். காவிரியில் மஹ்சீர் என்றொரு மீன் உண்டு. கெண்டை இனத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் உடையது. தாடையில் பல் கிடையாது. தொண்டையிலுள்ள பற்களால் நண்டைக்கூட நொறுக்கித் தின்னும். பாறைகளுக்கிடையே வெள்ளம் சுழித்து ஓடும் இடமே அதற்குப் பிடித்த இடம். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி எழுதிய நூலில் இம்மீனுக்குப் பெரும் இடம் அளித்தார். 1946-இல் மைசூரையடுத்த கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீரின் எடை 120 ராத்தல். அதாவது ஏறக்குறைய 54 கிலோ. முதுகில் திமில் போன்ற மேடும் செம்மஞ்சள் நிறத் துடுப்புகளும் உடைய பெருமீன் வகை அது. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலுமன்றி வேறெங்கும் இயற்கையாக இல்லாதது.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர் ஓய்வுபெற்ற பொறியாளர், கன்னடியர், நம்மோடு பழகி நல்ல தமிழ் பேசுபவர். ஒவ்வோராண்டும் கோடைத் தொடக்கத்தில் காளிபோரே முகாமுக்குச் சென்று தூண்டில் போட்டவர். கேழ்வரகு மாவைக் களியாகக் கிளறி உருண்டை பிடித்து, அதையே இரையாக வைப்பாராம். முகாமில் வழிகாட்டிகளாகவும் பரிசல்காரர்களாகவும் இருந்தவர்களுள் சிலர் ஒரு காலத்தில் தோட்டா போட்டு மீன் கொன்றவர்கள். செத்த மீனை ஒருமுறைதான் விற்கலாம், உயிருள்ள மீனை எத்தனையோ முறை காட்டிக் கூலி வாங்கலாம் என்று கண்டபின், அவர்களே ஆற்றுக்குக் காவலாயினர்.

மீனை விடுவதிலும் ஒரு முறை உண்டு என்று அவர் விளக்கினார். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் முள்ளாக இருந்தால் வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். நரம்பு மெல்லியதாக இருத்தல் ஆகாது. மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடும் மீன் சோர்ந்து, விட்டபிறகும் மாண்டுபோகும். உலர்ந்த கையால் தொட்டால் அதன் உடல்மேல் உள்ள வழவழப்பு போய்ப் புண்ணாகும். ஆகவே கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மணலில் இழுப்பதும், செவுளில் விரல் விட்டுத் தூக்குவதும் கூடா. இயன்றவரை நீருக்குள்ளேயே வைத்திருந்து, படம் எடுப்பதாயின் ஒரு கணத்தில் எடுத்துவிட்டு, நீரோட்டத்திற்கு எதிர்முகமாக மீனைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அது தானாக வாலை உதறிக் கையை விட்டுப் போகும். "சில மீன்களுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகும். இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டே நிற்போம்" என்றார்.

இந்தப் பேச்சின்போது பவானியிலிருந்து வந்திருந்த என் தாய்மாமனும் உடனிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, திங்கறதுக்கு இல்லாத மீனை எதுக்குங்க பிடிக்கணும்? வாயிலே முள்ளை மாட்டி இழுத்துப்போட்டு, அப்புறம் 'போயிட்டு வா'ன்னு அனுப்பறது என்ன தருமமுங்க? எங்கய்யன் வலை போட்டவர்தான். ஆனா சினை மீனு மேலே ஏறுற காலத்திலே வலையைத் தொடமாட்டாருங்க."

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தருமம் என்று நான் சொல்லவில்லை ஐயா. மீனுக்கு வலிக்காது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் நாளில் தோட்டா போடுகிறவன் அங்கே வருவதில்லை. அதுமட்டும் எனக்குத் தெரியும்" என்றார். மாமா அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றியது. எனினும் மாமாவின் தந்தையைப் போன்ற வலைஞர்கள் இன்று எத்தனை பேர் இருக்கின்றனர் என்று கேட்டால், நண்பரின் பக்கமே நான் சாய்வேன்.

நண்பரிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. பிடித்த நாள், நேரம், எடை ஆகியவற்றோடு ஒவ்வொரு மீனின் துடுப்பு நிறத்தையும் சிவப்புப் பென்சிலாலோ நீலப் பென்சிலாலோ குறித்திருந்தார். முதற்பக்கங்களில் சிவப்பு அடிக்கடி கண்ணிற்படுகிறது. போகப்போக நீலமே நிறைகிறது. கடைசிப் பக்கங்களில் சிவப்பைத் தேடவேண்டியிருக்கிறது.

ஒரு தனி மனிதரின் ஏட்டை வைத்து ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனால் அந்த முகாமிலேயே 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்குகளை அறிஞர் சிலர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டனர். 23,620 மணி நேரம் தூண்டில் போட்டதில் 6,161 மஹ்சீர்கள் பிடிபட்டிருந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல மீன்களின் எண்ணிக்கை பெருகியிருந்தது. காவல் பயன் தந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் திமில் முதுகு மீன் மட்டும் அருகி, மறையும் நிலைக்கு வந்திருந்தது. பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு மஹ்சீர்.

நீலத்துடுப்பு மீன் கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்தது. மஹ்சீர் இனமே அழிகிறதென்று கவலையுற்ற நல்லோர், 1970-களில் லோனாவாலாவில் அதன் குஞ்சுகளைப் பொரிக்கத் தொடங்கினர். அக்குஞ்சுகள் பல ஆறுகளுக்குச் சென்றன, காவிரிக்கும் வந்தன. எல்லாம் நன்மை கருதிச் செய்யப்பட்டதே. மஹ்சீர் என்று ஒரே பெயரால் அழைத்ததனால், ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கிறோம் என்பது எவர் மனத்திலும் படவில்லை. வந்த மீன் வளர்ந்து இடம் பிடித்தது. இருந்த மீன் குறைந்தது. அணைகளும் மணல் அள்ளுவதும் தோட்டாவும் அதன் பங்குக்குக் கேடு செய்திருக்கும். எதிர்முள் இல்லாத தூண்டிலும் நனைத்த கையும் இதற்கு என்ன செய்ய இயலும்?

காவிரி வனவிலங்குச் சரணாலய எல்லைக்குள் தூண்டில் போடுவது 2012-ஐ ஒட்டி நின்றுவிட்டது. சரணாலயத்தில் உயிர்களைப் பிடிக்கலாகாது என்பது சட்டம். விட்டுவிடுவதற்காகவே பிடித்தாலும் பிடித்தது பிடித்ததுதான். சட்டத்தைக் குறைகூற நான் துணியேன். ஆனால் கரையில் உட்கார்ந்து கணக்கெழுதிய கைகளும் அதனோடு போய்விட்டன என்பதே என் வருத்தம்.

வியப்பான செய்தி ஒன்று உண்டு. உலகம் முழுதும் புகழ்பெற்ற இப்பெருமீனுக்கு 2018 வரையில் உறுதியான அறிவியற் பெயரே கிடையாது. அவ்வாண்டில் மோயாற்றில் கிடைத்த சில மீன்களை ஆராய்ந்தபோது, கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து முன்னரே தோர் ரேமதேவி என்று பெயரிடப்பட்டிருந்த சிறு மீன்களும் இதுவும் ஒன்றே என்று தெளிந்தது. பெயர் உறுதியான அதே ஆண்டில், அழியும் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

மோயாறு பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. பவானி, என் மாமாவின் ஊரில்தான் காவிரியைச் சேர்கிறது. இதையெல்லாம் அவருக்கு விரிவாகக் கடிதம் எழுதியிருந்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. தூண்டிற்காரர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. நலம் விசாரித்து, மழை பற்றியும் மஞ்சள் விலை பற்றியும் எழுதிவிட்டு, அடியில் மட்டும் இவ்வாறு குறித்திருந்தார்: "மோயாற்றில் எவரேனும் வெளியூர் மீன்குஞ்சு விடுகிறார்களா என்பதை உன் நண்பரிடம் விசாரித்து உடனே எழுதவும்."